டாலிகஞ்சின் பாரா கிளப்புகள்

கொல்கத்தாவில் ஒரு தெருவோ நாலைந்து தெருக்கள் சேர்ந்த வட்டாரமோ தனக்கென்று நடத்திக்கொள்ளும் இளைஞர் மன்றத்துக்குப் பாரா கிளப் என்று பெயர். நகரின் தென்பகுதியான டாலிகஞ்சில் இத்தகைய கிளப் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் ஒற்றை அறைதான். முகப்புப் பலகையில் கிளப்பின் பெயர், தொடங்கிய ஆண்டு, பதிவு எண் மூன்றும் இருக்கும். உள்ளே கேரம் பலகை, கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, சுவரில் நேதாஜி, தாகூர், விவேகானந்தர் படங்கள். மேற்கு வங்கச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1961-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். தலைவராக ஓய்வுபெற்ற ஆசிரியரோ மருத்துவரோ இருப்பது வழக்கம். வேலையைச் சுமப்பவர் செயலாளர்.

கிளப்பின் ஆண்டு ஜனவரி 23-இல், நேதாஜி பிறந்தநாள் கொடியேற்றத்தோடு சூடுபிடிக்கிறது. அடுத்து சரஸ்வதி பூஜை. சிறுவர்களைத் தரையில் வரிசையாக உட்காரவைத்துப் படம் வரையச் சொல்லும் ‘பசே ஆங்கோ’ போட்டி. மே மாதத்தில் தாகூர், நஸ்ருல் என்ற கவிஞர்கள் இருவர் பெயரிலும் பாட்டுக் கச்சேரி. கோடையில் ரத்த வங்கிகள் வறண்டுபோகும்போது ரத்ததான முகாம். மழை தொடங்கினால் சேற்றில் கால்பந்து. பிறகு துர்கா பூஜை, அதன் பின்னாலேயே காளி பூஜை. குளிர்காலத்தில் தெருவிலேயே கோடு கிழித்து, விளக்குக் கட்டி, இரவில் பாட்மிண்டன். பதினான்கு வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரை உள்ள ஒரு பையனுக்கு இந்த அட்டவணையில் சும்மா இருக்கக் கிடைக்கும் மாலைகள் குறைவு. இத்தகைய மன்றங்கள் இளைஞர் குற்றத்தைத் தடுக்கும் என்று பேசப்படுவதுண்டு. ஆனால் குற்றத்தைத் தடுக்க வேண்டும் என்று எந்தக் கிளப்பும் தொடங்கப்பட்டதில்லை. தடுத்த இடங்களில், இந்த அட்டவணையின் உபவிளைவாகவே தடுத்தது.

டாலிகஞ்சுக்குப் பெயர் வந்தது வில்லியம் டாலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரியால். கங்கையின் பழைய படுகையான ஆதிகங்கையை 1770-களில் தூர்வாரிக் கால்வாயாக்கியவர் அவர். தமிழ்நாட்டுக்கும் இந்த இடத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்ட பிறகு, அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தினரைக் கம்பெனி கொல்கத்தாவுக்குக் கப்பலேற்றியது. அவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம் டாலிகஞ்ச் பகுதி. பிரின்ஸ் அன்வர் ஷா சாலை, பிரின்ஸ் குலாம் முகமது ஷா சாலை என்ற பெயர்கள் இன்றும் அந்தக் குடும்பத்தைச் சொல்கின்றன. அவர்கள் வாழ்ந்த நிலத்தின் ஒரு பகுதியில்தான் 1895-இல் டாலிகஞ்ச் கிளப் எழுந்தது: குதிரையேற்றம், கோல்ஃப், நீண்ட புல்வெளி, ஐரோப்பிய உறுப்பினர்கள். இன்றும் வெளியூர்க்காரர்கள் டாலிகஞ்சில் கிளப் என்று கேட்டால் அதைத்தான் காட்டுவார்கள். இந்தக் கட்டுரை அதன் மதிலுக்கு வெளியே உள்ள கிளப்புகளைப் பற்றியது.

இவற்றின் வேர் உடற்பயிற்சிக் கூடங்களில் இருக்கிறது. வங்காளிகள் உடல்வலு அற்றவர்கள் என்று ஆங்கிலேயர் ஏளனம் செய்துவந்த காலத்தில், அதற்குப் பதிலாகத் தெருவுக்குத் தெரு அக்காடா எனப்படும் இந்தக் கூடங்கள் முளைத்தன. குஸ்தி, சிலம்பம் போன்ற லாட்டி விளையாட்டு, கத்திப் பயிற்சி எல்லாம் அங்கே நடந்தன. 1902-இல் தொடங்கிய அனுசீலன் சமிதி அப்படிப்பட்ட ஒரு கூடமாகவே வெளியுலகுக்குத் தெரிந்தது. உள்ளே அது புரட்சி இயக்கம். 1909-இல் அரசு பல சமிதிகளைத் தடைசெய்தது. இளைஞர் மன்றத்தைக் குற்றத் தடுப்புக் கருவி என்று இன்று பேசும் காவல்துறைக்கு, நூறாண்டுக்கு முன் அதே மன்றம்தான் குற்றத்தின் நாற்றங்கால். 1911 ஜூலை 29-இல் மோகன் பகான் கால்பந்து அணி பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைத் தூக்கிய பிறகு அக்காடாவின் இடத்தில் கால்பந்து வந்து உட்கார்ந்தது. 1926-இல் வடக்குக் கொல்கத்தாவில் சிம்லா வியாயாம் சமிதி, ஜமீன்தார் வீட்டு முற்றத்தில் நடந்துவந்த துர்கா பூஜையைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஊர்ப் பூஜையாக நடத்தியது. உடற்பயிற்சி, விளையாட்டு, திருவிழா மூன்றும் ஒரே அமைப்பின் கையில் வந்தன. இன்றைய பாரா கிளப்பின் அடிப்படை வடிவம் இதுதான்.

டாலிகஞ்சில் இந்த வடிவம் பெருகியதற்குக் காரணம் பிரிவினை. 1947-க்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்த லட்சக்கணக்கான அகதிகளில் ஒரு பெரும்பகுதி நகரின் தெற்கு விளிம்பில் தங்கியது. பக்கத்து யாதவ்பூரை ஒட்டிய, போர்க்காலத்தில் ராணுவம் பயன்படுத்திய இடத்தில் 1948 வாக்கில் விஜய்கர் காலனி உருவானது. 1949, 1950 ஆண்டுகளில் ஆசாத்கர், நேதாஜி நகர் எனக் காலனிகள் வரிசையாக எழுந்தன. சதுப்பு நிலத்தையும் சொந்தக்காரர் வராத தோட்டங்களையும் இரவோடிரவாகப் பிரித்து, மூங்கில் நட்டு, ஓலை வேய்ந்து குடியேறினார்கள். பகலில் நிலச் சொந்தக்காரரின் அடியாட்களும் காவல்துறையும் வருவார்கள். பெண்கள் சங்கு ஊதி எச்சரிக்க, இளைஞர்கள் தடியோடு நிற்பார்கள். ஒவ்வொரு காலனிக்கும் ஒரு குழு இருந்தது. மனை அளந்தது, பள்ளிக்கூடம் கட்டியது, குழாய்க்கிணறு தோண்டியது. விஜய்கரில் 1950-இலேயே ஒரு கல்லூரிகூட வந்துவிட்டது.

இரவுக் காவல் இருந்த இளைஞர் கூட்டம்தான் காலனி நிலைபெற்ற பிறகு கிளப்பாக மாறியது. வீட்டுமனை பிரிக்கும்போதே விளையாட ஒரு மைதானமும் கிளப்புக்கு ஒரு துண்டு நிலமும் ஒதுக்கிய காலனிகள் உண்டு. சட்டப்படி எதுவும் தங்களுடையதல்லாத இடத்தில், பொது என்று சொல்லிக்கொள்ள ஓர் அறை. மகனுக்கு வேலை இல்லை, வீடு ஒற்றை அறை, படிக்க விளக்கு இல்லை என்ற நிலையில் மாலை நேரத்தைக் கழிக்க அந்த அறையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. டாலிகஞ்ச் அக்ரகாமி போன்ற அணிகள் வட்டாரக் கால்பந்திலிருந்து கொல்கத்தா லீக்கின் மேல்நிலைக்கும், பின்னர் தேசிய லீக்குக்கும் ஏறியது இத்தகைய மண்ணிலிருந்துதான். அக்ரகாமி 1943-இலேயே தொடங்கப்பட்டது என்றாலும், அதைத் தூக்கிப்பிடித்த ரசிகர் கூட்டத்தில் காலனிகளின் பங்கு பெரிது. ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றியுள்ள துடுப்புப் படகு, நீச்சல் சங்கங்கள் வசதியானவர்களின் உலகம். கால்பந்துக்கு ஒரு பந்து போதும்.

கிளப்புக்கு வராதவர்கள் ரோயாக்கில் உட்கார்ந்தார்கள். பழைய கொல்கத்தா வீடுகளின் முன்திண்ணைக்கு அந்தப் பெயர். அதில் நாள் முழுக்க அமர்ந்து அரட்டையடித்து, போகிறவர் வருகிறவர்களை வம்புக்கிழுத்த இளைஞர்களை 1950, 60-களின் பத்திரிகைகள் ரக்பாஜ் என்று கரித்துக்கொட்டின. நடுத்தர வர்க்கத்தின் அந்தக் கவலையில் மிகை உண்டு. ஆனாலும் கிளப் அறைக்கும் திண்ணைக்கும் இடையே ஒரு வித்தியாசம் இருந்தது. கிளப்பில் வயது வரிசை உண்டு. பதினைந்து வயதுப் பையனுக்கு இருபத்தைந்து வயது அண்ணன் பயிற்சியாளர். அந்த அண்ணன் நாற்பது வயதுச் செயலாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவன். அவரோ சந்தா கொடுக்கும் அத்தனை வீட்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டியவர். திண்ணையில் எல்லாரும் ஒரே வயது.

இந்த வயது வரிசை அறுந்தால் என்ன நடக்கும் என்பதை டாலிகஞ்சும் யாதவ்பூரும் 1970, 71-இல் பார்த்தன. நக்சல்பாரி ஆயுத எழுச்சிக்குப் பின் காலனிகளின் படித்த இளைஞர்கள் பலர் நக்சலைட் இயக்கத்துக்குப் போனார்கள். அதே தெருவில் மார்க்சிஸ்ட் கட்சி இளைஞர்களும் காங்கிரஸ் இளைஞர்களும் இருந்தார்கள். நேற்று ஒரே அணியில் பந்து உதைத்தவர்கள் இன்று எல்லை பிரித்துக்கொண்டு, அடுத்த பாராவுக்குள் கால்வைக்க முடியாமல் வாழ்ந்தார்கள். கொலைகளும் காவல்துறையின் வேட்டையும் சேர்ந்து ஒரு தலைமுறையையே குலைத்தன. அதன் பிறகு வந்த வெற்றிடத்தில் தலையெடுத்தவர்கள் மஸ்தான்கள், அதாவது கட்சி நிழலில் வளர்ந்த பேட்டை ரவுடிகள். அவர்களும் கிளப் வைத்தார்கள், காளி பூஜை நடத்தினார்கள், கட்டாய வசூல் செய்தார்கள். வெளிப் பார்வைக்கு இரண்டு வகைக் கிளப்புக்கும் பலகை ஒன்றுதான்.

எனவே கிளப் இருந்தால் குற்றம் குறையும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கில்லை. உலக அனுபவமும் இதையே காட்டுகிறது. சிகாகோவில் கிளிஃபோர்ட் ஷா என்ற சமூகவியலாளர் 1930-களில், இளைஞர் குற்றத்தைக் குறைக்க வெளியிலிருந்து அதிகாரிகளை அனுப்புவதைவிட, அந்தந்த வட்டாரத்துப் பெரியவர்களையே கொண்டு விளையாட்டும் பொழுதுபோக்கும் நடத்தச் செய்வது பலன் தரும் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அமெரிக்கப் பொதுக் குடியிருப்புகளில் சிறுவர் சிறுமியர் மன்றங்கள் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டு 1992-இல் வெளியான ஆய்வு, மன்றம் உள்ள இடங்களில் பொதுச்சொத்துச் சேதமும் போதைப்பொருள் நடமாட்டமும் குறைவு என்று கண்டது. ஆனால் 2000-இல் ஸ்வீடனில் பதினான்கு வயதினரை வைத்து மஹோனியும் ஸ்டாட்டினும் செய்த ஆய்வின் முடிவு வேறு. பயிற்சியாளரும் கால அட்டவணையும் குறிக்கோளும் உள்ள விளையாட்டிலோ இசையிலோ ஈடுபட்டவர்களிடம் தவறான நடத்தை குறைவாக இருந்தது. யாரும் எதையும் சொல்லித்தராமல், வந்து உட்கார்ந்து பொழுதுபோக்கிவிட்டுப் போகும் இளைஞர் மையங்களுக்குச் சென்றவர்களிடமோ அது கூடுதலாக இருந்தது. ஏற்கெனவே வம்பில் உள்ளவர்கள் ஒன்றுகூட அரசே இடம் தந்ததுபோல் ஆகிவிட்டது.

டாலிகஞ்ச் கிளப்புகளை இந்த அளவுகோலால் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும். மழைக்காலக் கால்பந்துப் போட்டிக்குத் தயாராகும் கிளப்பில் பையன் காலையில் எழ வேண்டும். குடித்துவிட்டு வந்தால் அணியில் இடமில்லை. அடுத்த வாரம் ஆட்டம் இருக்கிறது. பூஜைக்குப் பந்தல் போடும் மாதங்களில் வரவுசெலவு, மின் இணைப்பு, கூட்ட ஒழுங்கு, காவல்துறை அனுமதி என்று இருபது வயதுக்காரர்கள் கையில் உண்மையான பொறுப்பு வந்து சேர்கிறது. டாலிகஞ்சிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் முதியாலி கிளப், நாக்தலா உதயன் சங்கம், ஹரிதேவ்பூரின் அஜேய சம்ஹதி போன்றவற்றின் பந்தல்களுக்குப் பூஜை நாட்களில் பெருங்கூட்டம் வருகிறது. அந்த நெரிசலை விடிய விடியக் கயிறு பிடித்து வரிசைப்படுத்துபவர்கள் கிளப் பையன்கள். 2020 மே 20-இல் ஆம்பன் புயல் நகரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, மாநகராட்சி ஆட்கள் வருமுன் தெருவைத் திறந்துவிட்டதும் பல இடங்களில் இவர்களே. பூஜை முடிந்து போட்டியும் இல்லாத மாதங்களில், கேரம் பலகையும் தொலைக்காட்சியும் மட்டும் மிச்சமாகும் கிளப்பில் கதை வேறு. ஸ்வீடன் ஆய்வு சொன்ன அறை அதுதான்.

காவல்துறை இதைப் புரிந்துகொண்டு செய்த முயற்சிகள் மூன்று. விக்ரம்ஷிலா என்ற கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து 1990-களின் கடைசியில் தொடங்கிய நவதிஷாவில், தெருவிலும் நடைபாதையிலும் வளரும் குழந்தைகளுக்குக் காவல் நிலைய வளாகங்களிலேயே பாடம் நடந்தது. இரண்டாவது, கொல்கத்தா காவல்துறை நட்புக் கோப்பை. காவல் நிலைய எல்லைவாரியாகப் பாரா கிளப்புகளின் அணிகள் மோதி, மேலேறி, இறுதியில் பெரிய மைதானத்தில் ஆடும் போட்டி இது. அதில் ஆடும் பையனை ஆய்வாளருக்கு முகம் தெரியும், ஆய்வாளரைப் பையனுக்குத் தெரியும். பிறகு தெருவில் ஏதாவது நடந்தால் பேச்சு முதலில் நடக்கும், தடி பிறகுதான். மூன்றாவது, பிரிட்டிஷ் கவுன்சிலும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கும் காவல்துறையோடு இணைந்து நடத்திய கொல்கத்தா கோல்ஸ். வறிய குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு வாராவாரம் பயிற்சியும், அவர்களில் மூத்தவர்களுக்குப் பயிற்சியாளராகும் பாடமும் தருவது அதன் முறை. கிளப்பில் இயல்பாக இருந்த வயது வரிசையை, அது இல்லாத இடத்தில் திட்டமிட்டு உண்டாக்கும் முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

அந்த வரிசை இல்லாத இடங்கள் டாலிகஞ்சிலேயே உண்டு. காலனிக் கிளப்புகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் படித்த, சாதியில் மேலிருந்த அகதிக் குடும்பத்தினர். ஆதிகங்கைக் கால்வாயின் கரையில் குடிசை போட்டவர்கள், வீட்டுவேலைக்கும் ரிக்‌ஷா இழுக்கவும் வந்தவர்கள், பூஜைக்குப் பந்தல் மூங்கில் சுமப்பார்கள். உறுப்பினர் பட்டியலில் அவர்கள் பிள்ளைகள் பெயர் அரிது. டாலிகஞ்சிலிருந்து தெற்கே கால்வாயின் மேலேயே தூண் நட்டு மெட்ரோ ரயிலை நீட்டுவதற்காக 2001-இல் இந்தக் குடிசைகள் இடிக்கப்பட்டன. அவர்களோடு தெருவின் கிளப்புகள் நின்றதாக நினைவுகூர அதிகம் இல்லை.

சென்னை வாசகருக்கு இதில் பழகிய சாயல் தெரியும். தமிழ்நாடு காவல்துறை சிறார் மன்றங்கள் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் பாடமும் விளையாட்டும் நடத்துகின்றன. வியாசர்பாடியின் முல்லை நகர் மைதானத்தில் வளர்ந்த கால்பந்துப் பிள்ளைகளும், வடசென்னையின் குத்துச்சண்டைக் கூடங்களும், 2024-இல் உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமாவை உருவாக்கிய தெருமுனைக் கேரம் மன்றங்களும் இதே வகை. கொல்கத்தாவில் கிளப் முதலில் வந்தது, காவல்துறை பின்னால் வந்தது. சென்னையின் சிறார் மன்றங்களைத் தொடங்கியதே காவல்துறை. அதனால் அதிகாரி மாறினால் மன்றத்தின் சுறுசுறுப்பும் மாறும். டாலிகஞ்சில் ஆய்வாளர் மாறினால் கிளப்புக்கு ஒன்றும் ஆகாது. கட்சி மாறினால்தான் ஆகும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை விளக்க முடியாது. பழைய கிளப்பின் வருமானம் வீடுவீடாக வாங்கும் சந்தா. பத்து ரூபாய் கொடுக்கிற மாமி, நேற்றிரவு ஒலிபெருக்கி ஏன் அலறியது என்று கேட்கும் உரிமையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். இந்தச் சந்தாவே மிரட்டலாக மாறியதும் உண்டு. வண்டிகளை மறித்தும் கடைகளில் தொகை நிர்ணயித்தும் நடக்கும் ‘சந்தா ஜுலும்’ கொல்கத்தாவின் பழைய தலைவலி. வேறோர் ஊற்று பின்னர் திறந்தது. காலனி மனைகளில் அடுக்ககங்கள் எழத் தொடங்கியதும், மணல், செங்கல், ஜல்லியை இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்று கட்டுநரை நெருக்கும் சிண்டிகேட்டுகள் தோன்றின. கிளப் அறை அவற்றின் அலுவலகமாகப் பயன்பட்ட இடங்கள் பல. இன்னொரு பக்கம், குடும்பச் சண்டை, வாடகைத் தகராறு, காதல் விவகாரம் எல்லாவற்றுக்கும் கிளப்பே தீர்ப்புச் சொல்லும் சாலிஷி. மார்க்சிஸ்ட் ஆட்சியில் அது கட்சி அலுவலகத்தோடு ஒட்டியிருந்தது. 2011-க்குப் பிறகு ஆளும் கட்சி மாறியது, பழக்கம் மாறவில்லை.

திரிணமூல் காங்கிரஸ் அரசு 2012 முதல், தேர்ந்தெடுத்த கிளப்புகளுக்கு முதல் ஆண்டு 2 லட்சம் ரூபாயும் அடுத்த ஆண்டுகளில் 1 லட்சம் வீதமும் விளையாட்டு மேம்பாட்டுக்கென்று வழங்கியது. 2018-இல் பூஜைக் குழுக்களுக்கும் உதவித்தொகை வந்தது. அந்த ஆண்டு சுமார் 28,000 குழுக்களுக்குத் தலா 10,000 ரூபாய், 2024-இல் அந்தத் தொகை 85,000, 2025-இல் 1,10,000. அரசுப் பணத்தில் பூஜையா என்று கொல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்தன. செலவுக் கணக்கு எங்கே என்று நீதிமன்றமும் கேட்டது. உதவியை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயமும் ஒன்று உண்டு: 2021 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த கொல்கத்தா துர்கா பூஜையால் கைவினைஞர்கள், மின்பணியாளர்கள், பந்தல்காரர்கள் என்று பெருங்கூட்டம் பிழைக்கிறது. குற்றத் தடுப்பு என்ற கோணத்தில் பார்த்தால் இந்தப் பணத்தின் கேடு வேறிடத்தில் இருக்கிறது. மேலிருந்து வரும் தொகை சந்தாவைவிடப் பெரிதாகும்போது செயலாளர் பதில் சொல்ல வேண்டிய இடம் தெருவிலிருந்து கட்சித் தலைவர் வீட்டுக்கு மாறிவிடுகிறது. மாமியின் கேள்விக்குப் பலமில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில், பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு 86.5 வழக்குகள் என்று மிகக் குறைந்த அளவைப் பெற்றது கொல்கத்தா. முந்தைய ஆண்டு அது 103.4. கிளப்புகளே காரணம் என்று சிலர் இதைக் கொண்டாடுவதுண்டு. அந்த முடிவுக்கு இந்த எண் போதாது. இது பதிவான வழக்குகளின் கணக்கு. சாலிஷியில் முடிந்த அடிதடியும், காவல் நிலையம் போகாமல் கிளப் அறையில் ‘பேசித் தீர்த்த’ பெண் சீண்டலும் இதில் வராது. கிளப் ஒரு குற்றத்தைத் தடுக்கவும் செய்யலாம், நடந்ததை மறைக்கவும் செய்யலாம். எண்ணில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

பெண் பிள்ளைகளின் இடம் இன்னும் குறுகலானது. பாட்டு, ஓவியம், பூஜைக்குக் கோலமிடுவது வரை அவர்களுக்குக் கதவு திறந்திருக்கும். மாலை ஏழு மணிக்கு மேல் கிளப் அறை ஆண்களுடையது. பெண்களே முன்னின்று நடத்தும் பூஜைகள் கூடிவருகின்றன, பெண்கள் கால்பந்துக்கும் சில கிளப்புகள் இடம் தருகின்றன, ஆனால் செயலாளர் பதவியில் பெண் என்பது இன்றும் அபூர்வம்.

மைதானமும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. காலனி அமைத்தவர்கள் ஒதுக்கிய திடல்களில் சில, கட்டுநர்களின் கண்ணில் பட்டுவிட்டன. கிளப்புக்கு இரண்டு மாடிக் கட்டடமும் குளிரூட்டிய அறையும் கட்டித்தருகிறோம், திடலின் ஓரத்தை மட்டும் விடுங்கள் என்ற பேரத்துக்கு இணங்கிய இடங்களில் அறை பெரிதாகி, விளையாட்டு போய்விட்டது. நகரின் கிழக்குப் புறவழிச்சாலை ஓரத்திலும் தெற்கே கரியாப் பக்கமும் செயற்கைப் புல்தரை மைதானங்கள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. பத்துப் பேர் பங்கு போட்டால் ஆடலாம். அங்கே பயிற்சியாளர் இல்லை, செயலாளர் இல்லை, பணம் கொண்டுவராத பையனுக்கு இடமும் இல்லை.